தலைப்பு இல்லாத ஓவியங்கள்: பெங்களூரில் தாகூரின் இன்னொரு முகம்

பெங்களூரு:

காபூலிவாலா கதையைப் பள்ளிப் பாடமாகப் படித்தவர்களுக்கு ரவீந்திரநாத் தாகூர் என்றவுடன் நினைவுக்கு வருபவை வெண்தாடி, நீண்ட அங்கி, கீதாஞ்சலி, நோபல் பரிசு, தேசிய கீதம் ஆகியவையே. பெங்களூரு அரண்மனைச் சாலையில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவரது ஓவியங்கள் காட்சிக்கு வரும்போது, அவற்றின் முன் நிற்பவர்களுக்கு இந்த நினைவுகள் எதுவும் கைகொடுப்பதில்லை.

பறவையா விலங்கா என்று சொல்ல முடியாத உருவங்கள், கூரிய அலகுகள், வளைந்து தன்னையே பார்க்கும் கழுத்துகள், முக்காட்டுக்குள் இருந்து உற்று நோக்கும் பெண் முகங்கள், ஆள் நடமாட்டமில்லாத மஞ்சள் நிற மாலைப்பொழுதுகள் என்று அந்த ஓவியங்கள் வேறு ஓர் உலகைக் காட்டுகின்றன. பெரும்பாலானவை கையளவு காகிதங்கள். எதற்கும் தலைப்பு கிடையாது. சட்டத்துக்குக் கீழே உள்ள சிறு அட்டையைக் குனிந்து படிப்பவருக்கு, "தலைப்பிடப்படாதது" என்ற ஒரு சொல்லே பதிலாகக் கிடைக்கிறது.

இது கவனக் குறைவால் நேர்ந்ததல்ல. ஓவியங்களுக்குப் பெயர் சூட்டுமாறு நண்பர்கள் வற்புறுத்தியபோதெல்லாம் தாகூர் மறுத்துவிட்டார். எதை வரைவது என்று முடிவு செய்துகொண்டு தாம் வரைவதில்லை என்பதும், ஓடும் பேனாவின் முனையில் தற்செயலாக ஓர் உருவம் பிறந்துவிடுகிறது என்பதும் அவர் தந்த விளக்கம்.

முதலியார் மாளிகை

மாணிக்கவேலு மாளிகை என்று அழைக்கப்படும் கட்டடத்தில் இந்தக் கலைக்கூடம் இயங்குகிறது. சுரங்கத் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய ராஜா மாணிக்கவேலு முதலியாருக்கு உரிய மாளிகையாக இருந்தது இது. பின்னர் அரசின் வசமாகி, நீண்ட காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. மத்திய கலாசார அமைச்சகத்தின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு, 2009 பிப்ரவரி 18-ஆம் தேதி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் மூன்றாவது மையமாகத் திறக்கப்பட்டது. முதல் மையம் 1954-இல் தில்லி ஜெய்ப்பூர் மாளிகையிலும், இரண்டாவது 1996-இல் மும்பையிலும் தொடங்கப்பட்டன.

தலைநகரில் இருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 500 படைப்புகளுடன் பெங்களூரு மையம் தொடங்கியது. ராஜா ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் ஆகியோருடன் தாகூரும் அந்தத் தொகுப்பில் இடம்பெற்றார். ரவிவர்மாவின் படங்கள் நாட்காட்டிகள் மூலம் நாடெங்கும் வீடுகளின் சுவருக்கு வந்தவை. ஷெர்கிலின் வாழ்க்கை பலரும் அறிந்த கதை. தாகூரின் பெயரை அறியாதவர் எவரும் இல்லை. ஆனால் அவர் வரைந்தார் என்பதைக் கூடத்துக்குள் நுழைந்த பிறகே அறிபவர்கள் இன்றும் உண்டு.

அந்த வியப்புக்கு நியாயம் இருக்கிறது. அவர் முழு முனைப்புடன் வரையத் தொடங்கியபோது வயது 65-ஐத் தாண்டிவிட்டது. அதன் பிறகு, 1941-இல் மறையும்வரை, 2,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்து குவித்தார். முழுநேர ஓவியர்கள் பலருக்கே எட்டாத எண்ணிக்கை இது.

குழந்தைகளுக்காக எழுதியவர்

தாகூரின் ஓவியங்களைப் புரிந்துகொள்ள அவரது மெய்ஞ்ஞானக் கவிதைகளைவிடக் குழந்தைகளுக்காக அவர் எழுதியவையே நல்ல வழிகாட்டி. இந்தப் பகுதி வங்காளத்துக்கு வெளியே குறைவாகவே பேசப்படுகிறது.

மனைவி மிருணாளினி தேவி 1902 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டில், நோயுற்ற மகள் ரேணுகாவை அல்மோராவுக்கு அழைத்துச் சென்றிருந்தபோது 'சிசு' என்ற தொகுப்பின் குழந்தைக் கவிதைகளை எழுதினார். அந்த ஆண்டிலேயே மகளும் இறந்தாள். அதில் இருந்து பல கவிதைகளை 'தி கிரசென்ட் மூன்' என்ற தலைப்பில் 1913-இல் அவரே ஆங்கிலத்தில் தந்தார். உலகம் கொண்டாடிய அந்தக் குழந்தைப் பாடல்களுக்குப் பின்னால் இருந்தது, நோயாளிப் படுக்கையின் அருகே கண்விழித்த ஒரு தந்தையின் இரவுகள்.

1930-இல் வெளிவந்த 'சகஜ பாட்' வங்காளக் குழந்தைகளின் அரிச்சுவடியாயிற்று. அதற்குப் படம் வரைந்தவர் நந்தலால் போஸ். ஆனால் 1937-இல் வந்த 'சே', 'காப்சாடா' ஆகிய இரு நூல்களுக்கும் படம் வரைய அவர் வேறு யாரையும் நாடவில்லை.

'சே' என்றால் 'அவன்' என்று பொருள். பேத்தி நந்தினிக்குச் சொன்ன கதைகளில் இருந்து விளைந்த நூல் அது. நாயகனுக்குப் பெயர் கிடையாது. அரசகுமாரனோ அசுரனோ அல்லன். சொற்களால் மட்டுமே ஆன ஒரு மனிதன். மனிதனாக ஆசைப்பட்டு வாலை இழக்கும் நரியும், உடம்பின் கரிய கோடுகளைச் சோப்பால் கழுவ விரும்பும் புலியும் அதில் வருகின்றன. கலைக்கூடத்தின் சுவரில் இருக்கும் பெயரற்ற விலங்குகளை இந்த நூலைப் படித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பெரியவர்கள் "இது என்ன பிராணி?" என்று கேட்டுத் திகைக்கும் இடத்தில், 'அவன்' கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்குத் திகைப்பு ஏதும் இராது.

தமிழுக்குத் தாகூரை வங்கமொழியில் இருந்தே நேரடியாகக் கொண்டுவந்தவர்கள் த.நா. குமாரஸ்வாமியும் த.நா. சேனாபதியும். அவர்களது மொழிபெயர்ப்புகள் வழியே தாகூரின் நாவல்களும் சிறுகதைகளும் தமிழ் வீடுகளுக்குள் வந்தன. அவருடைய தூரிகைக்கு அப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் வாய்க்கவில்லை. வாய்க்கவும் முடியாது, படத்தை நேரில்தான் பார்க்க வேண்டும்.

அடித்தலில் பிறந்த உருவங்கள்

ஓவியம் தாகூர் குடும்பத்துக்குப் புதியதல்ல. அண்ணன் மகன்முறையான அவனீந்திரநாத்தும் ககனேந்திரநாத்தும் நாடறிந்த ஓவியர்கள். ரவீந்திரநாத்தும் இளமையில் முயன்று பார்த்தார். கையில் பென்சிலைவிட அழிப்பானுக்கே வேலை அதிகம் என்று 1900-இல் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸுக்கு எழுதிய கடிதத்தில் தம்மையே கேலி செய்துகொண்டார். பிறகு அந்த முயற்சியை விட்டுவிட்டார்.

மீண்டும் அது திரும்பி வந்த வழி விசித்திரமானது. கவிதை எழுதும்போது பிடிக்காத சொற்களையும் வரிகளையும் அடிப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம். அந்த அடித்தல்கள் பக்கத்தில் அலங்கோலமாகக் கிடப்பதைத் தாகூரால் பொறுக்க முடியவில்லை. ஓர் அடித்தலை இன்னொன்றுடன் கோட்டால் இணைத்தார். இணைத்தது கொடியாயிற்று, கொடி பாம்பாயிற்று, பாம்புக்கு அலகு முளைத்தது. 1924-இல் 'பூரபி' தொகுப்பின் கவிதைகளை எழுதியபோது இந்தப் பழக்கம் கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் உடல்நலமின்றி அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, அவருக்கு விருந்தோம்பல் செய்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அந்தக் கையெழுத்துப் படியைப் பார்த்து வியந்தார். அவை வெறும் கிறுக்கல்கள் அல்ல என்பதை முதலில் உணர்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

கைவிடப்பட்ட சொற்களுக்கு மறுவாழ்வு கொடுக்கும் செயலாகத் தொடங்கிய இது, சில ஆண்டுகளில் எழுத்தின் துணையே தேவைப்படாத தனிக் கலையாக நின்றது. அந்தத் திருப்பம் நேர்ந்த ஆண்டு 1928. அந்த ஆண்டில்தான் அவர் பெங்களூருக்கு வந்தார்.

தெற்கே வந்த பயணம்

ஆக்ஸ்போர்டில் ஹிபர்ட் சொற்பொழிவுகள் ஆற்றுவதற்காக 1928 மே மாதத்தில் இங்கிலாந்து புறப்படும் திட்டத்துடன் தாகூர் சென்னை வந்தார். அடையாறில் அன்னி பெசன்ட்டின் விருந்தினராகத் தங்கினார். உடல்நலம் குன்றியது. ஓய்வுக்காகக் குன்னூர் சென்றார். பின்னர் கப்பலில் கொழும்புக்குப் புறப்பட்டபோது, வழியில் மே 29-ஆம் தேதி புதுச்சேரியில் இறங்கி அரவிந்தரைச் சந்தித்தார். கொழும்பிலும் உடல்நிலை தேறவில்லை. மேல்நாட்டுப் பயணம் கைவிடப்பட்டது. ஜூன் மாதத்தில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார்.

அப்போது மைசூர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். தாகூரின் நெடுநாள் நண்பர். அவரது விருந்தினராகத் தாகூர் தங்கிய இடம் 'பாலப்ரூயி' மாளிகை. மைசூர் ஆணையராக இருந்த மார்க் கப்பன் 1850-களில் கட்டிய இந்த மாளிகையும் அரண்மனைச் சாலையில்தான் உள்ளது. இன்றைய கலைக்கூடத்தில் இருந்து நடந்து செல்லக்கூடிய தூரம்.

அங்கேதான் 'சேஷேர் கவிதா' நாவலை எழுதி முடித்தார். 'கடைசிக் கவிதை' என்று பொருள்படும் அந்த நாவல், ஷில்லாங் மலைப்பாதையில் மோட்டார் கார்கள் மோதிக்கொண்டதால் அறிமுகமாகும் அமித், லாவண்யா ஆகிய இருவரின் காதல் கதையாகவே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது கவனிக்க வேண்டியது அதன் முற்பகுதியில் வரும் ஓர் இலக்கியக் கூட்டம். படித்த, நவநாகரிக இளைஞனான அமித் அந்தக் கூட்டத்தில் எழுந்து, "ரவி தாகூர்" என்ற முதிய கவிஞரைப் பெயர் சொல்லித் தாக்குகிறான். அவருடைய எழுத்து அவரது கையெழுத்தைப் போலவே எங்கும் வட்டமாகவும் வளைவாகவும் இருப்பதாகக் குறை கூறுகிறான். இனித் தேவை முள்ளையும் அம்பையும் போன்ற கூரிய, நேரான கோடுகள் என்பது அவன் கட்சி.

தம் கதாபாத்திரத்தின் வாயாலேயே தம்மைத் திட்டிக்கொண்ட குறும்பு என்று இதை வாசகர்கள் ரசிப்பது வழக்கம். கலைக்கூடத்தில் படங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தால், குறும்போடு ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் அதில் இருப்பது தெரியும். அமித் கேட்ட கோடு கவிதையில் வந்ததோ இல்லையோ, ஓவியத்தில் வந்துவிட்டது. 67 வயதுக் கவிஞர், தம்மை உலகப் புகழுக்கு உயர்த்திய மென்மையான வளைவுகளில் சலித்துப்போய், முள்ளாகக் குத்தும் கோடுகளைப் பேனாவால் கீறிக்கொண்டிருந்தார். பெங்களூரில் எழுதி முடித்த நாவல் அதற்கான காரணத்தைச் சொல்கிறது. ஓவியங்கள் அதைச் செய்து காட்டுகின்றன.

பெங்களூரு அவரை மறந்துவிட்டது என்று கூற முடியாது. அவரது நூற்றாண்டு நினைவாக எழுந்த ரவீந்திர கலாக்ஷேத்திரம் 1963 முதல் நகரின் முதன்மையான நாடக அரங்கங்களில் ஒன்று. கன்னட நவீன நாடகத்தின் வரலாற்றை அதை விட்டுவிட்டு எழுத முடியாது. நகரம் நினைவில் வைத்திருப்பது கவிஞரையும் நாடக ஆசிரியரையும்தான்.

பாரிஸ் கண்ட முதல் கண்காட்சி

ஒத்திவைக்கப்பட்ட ஹிபர்ட் சொற்பொழிவுகள் 1930-இல் நடந்தன. அந்தப் பயணத்தில் சுமார் 400 ஓவியங்களையும் தாகூர் உடன் எடுத்துச் சென்றார். 1930 மே மாதத்தில் பாரிஸ் பிகால் கூடத்தில் ஒகாம்போவின் ஏற்பாட்டில் அவரது முதல் கண்காட்சி நடைபெற்றது. தொடர்ந்து லண்டன், பர்மிங்காம், பெர்லின், டிரெஸ்டன், மியூனிக், கோபன்ஹேகன், ஜெனீவா, மாஸ்கோ, பாஸ்டன், நியூயார்க் என்று ஓவியங்கள் பயணப்பட்டன. தாய்நாட்டில் காட்டத் தயங்கியவர் அயல்நாட்டில் முதலில் காட்டினார். கவிதையைப் படிக்க மொழி தேவை, கோட்டுக்குத் தேவையில்லை என்ற எண்ணமும் அதில் இருந்தது. கொல்கத்தா மக்கள் அவரது ஓவியக் கண்காட்சியைக் கண்டது 1931-ஆம் ஆண்டின் இறுதியில், அவரது 70-ஆவது பிறந்தநாள் விழாவையொட்டி.

பெர்லின் தேசியக் கலைக்கூடத்துக்கு ஐந்து ஓவியங்களை அவர் அளித்தார். ஹிட்லர் ஆட்சி 1937-இல் "சீரழிந்த கலை" என்று முத்திரை குத்தி ஜெர்மன் அருங்காட்சியகங்களில் இருந்து அகற்றிய ஆயிரக்கணக்கான படைப்புகளில் தாகூரின் ஓவியங்களும் அடங்கும். பேத்திக்குப் புலிக் கதை சொன்ன 'சே' வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

முறையாக ஓவியம் பயிலாதவர் என்பது படங்களில் தெரிகிறது. அதுவே அவற்றின் பலமும்கூட. எழுதும் மை, வண்ண மை, பேனா, துணித்துண்டு, விரல் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பயன்படுத்தினார். சிவப்பு நிறத்தைப் பிரித்தறிவதில் அவருக்குக் குறைபாடு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். பழுப்பும் கறுப்பும் மங்கிய மஞ்சளும் அவரது படங்களில் நிறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. திரும்பத் திரும்ப வரும் நீள்வட்டப் பெண் முகத்தின் கண்கள், 1884-இல் தற்கொலை செய்துகொண்ட அண்ணி காதம்பரி தேவியின் கண்களே என்பது இன்னொரு பேச்சு. படங்களுக்குப் பெயரே வைக்காதவர் இதற்கு மட்டும் உறுதியான விடை வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஏன் எப்போதும் பார்க்க முடிவதில்லை?

"தாகூரின் ஓவியங்கள் எங்கே?" என்று கேட்டுக் கலைக்கூடத்துக்கு வருபவர்கள் சில நாட்களில் ஏமாற்றத்துடன் திரும்ப நேரிடும். காரணம் எளிமையானது. அவை காகிதத்தின் மீது மையால் வரையப்பட்டவை. வெளிச்சம் பட்டால் மை மங்கும், காகிதம் பழுப்பேறும். இத்தகைய படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி படக்கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொது நெறி. எண்ணெய் வண்ண ஓவியங்களைப் போல ஆண்டு முழுவதும் சுவரில் மாட்டி வைக்க இயலாது. சில வாரங்கள் வெளியே, பிறகு நீண்ட காலம் இருட்டறையில் என்பதே அவற்றின் ஆயுளை நீட்டிக்கும் வழி. ஓவியக் கூடத்தில் விளக்கு மங்கலாக இருக்கிறது என்று குறைபடுபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

இருப்பும் சில இடங்களிலேயே குவிந்துள்ளது. பெரும்பகுதி சாந்திநிகேதனில் விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் ரவீந்திர பவனத்தில் உள்ளது, 1,500-க்கும் மேல். தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் சுமார் 100 ஓவியங்கள் உள்ளன. தாகூரின் 150-ஆவது பிறந்த ஆண்டையொட்டி இவ்விரு தொகுப்புகளில் இருந்தும் 208 ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து, கலை வரலாற்றாசிரியர் ஆர். சிவகுமார் உருவாக்கிய 'கடைசி அறுவடை' கண்காட்சி 2011 முதல் பெர்லின், நியூயார்க், சியோல், லண்டன், சிகாகோ, பாரிஸ், ரோம் ஆகிய நகரங்களுக்குச் சென்று தில்லி திரும்பியது. 1930-இல் போலவே இம்முறையும் அயல்நாட்டவர் முந்திக்கொண்டனர்.

தாகூரின் ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. ஏற்கெனவே வெளியே இருப்பவற்றை அந்தச் சட்டம் எட்டாது. இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் ஹால் அறக்கட்டளையிடம் இருந்த 12 ஓவியங்கள் 2010 ஜூன் மாதத்தில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 16 லட்சம் பவுண்டுக்கு விற்பனையாயின. ஏலத்தைத் தடுத்து நிறுத்தக் கோரி மேற்கு வங்க முதல்வராக இருந்த புத்ததேவ் பட்டாச்சார்யா பிரதமருக்குக் கடிதம் எழுதியும் பலன் இல்லை.

விலை ஏறியதும் போலிகள் வந்தன. 2011-இல் கொல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் தாகூரின் படைப்புகள் என்று காட்சிக்கு வைக்கப்பட்ட 20 ஓவியங்கள் குறித்துச் சந்தேகம் எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவை போலி என இந்தியத் தொல்லியல் துறை அறிக்கை அளித்தது. தலைப்பும் இல்லை, பள்ளி மரபும் இல்லை, பலவற்றில் தேதியும் இல்லை என்னும்போது போலி செய்பவனுக்கு வேலை எளிதாகிவிடுகிறது. அசலைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள் அதிகமாக இருந்தால் அந்த எளிமை குறையும். காகிதத்தைக் காப்பாற்ற அவற்றை இருட்டில் வைக்க வேண்டும். போலியில் இருந்து காப்பாற்ற வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். கலைக்கூடங்களின் இக்கட்டு இதுதான்.

மரங்கள் சூழ்ந்த மாளிகை

சாலையில் சற்றுத் தொலைவில் உள்ள பாலப்ரூயி மாளிகைக்கும் சோதனைகள் வந்தன. விடுதலைக்குப் பின் அரசு விருந்தினர் மாளிகையாகவும் கர்நாடக முதல்வர்கள் சிலரின் இல்லமாகவும் இருந்த அதைச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கான மனமகிழ் மன்றமாக மாற்றும் திட்டம் 2014-இல் எழுந்தது. நூற்றாண்டு கண்ட மரங்களுக்கும் கட்டடத்துக்கும் ஆபத்து என்று நகர மக்கள் போராட்டத்தில் இறங்கினர். பிற்காலத்தில் அதே எண்ணம் வேறு பெயரில் மீண்டும் தலைதூக்கியது. இந்த விவாதங்களில் 'சேஷேர் கவிதா' பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது. அங்கே தங்கியவர் அந்த ஆண்டில் ஓவியராகவும் மாறிக்கொண்டிருந்தார் என்பது பேசப்படவில்லை.

மாணிக்கவேலு மாளிகைக் கலைக்கூடத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. காட்சிப் பொருள்கள் அவ்வப்போது மாற்றப்படுவதால், தாகூரைத் தேடிச் செல்பவர்கள் முன்னதாகக் கேட்டறிந்து செல்வது நல்லது. குழந்தைகளை உடன் அழைத்துச் செல்பவர்கள், "இது என்ன பிராணி?" என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிடலாம்.